காற்றால் வாழ்ந்த கார்! தண்ணீரால் பிழைத்த கார்!

ஜெர்மனி நாட்டு அண்ணன் – தம்பி கதை

திண்டிவனத்தில் இருந்து விழுப்புரம் சுமார் 40 கிலோ மீட்டர் தூரம். பஸ்சில் ஏறி உட்கார்ந்தால், விக்கிரவாண்டி சுங்கச் சாவடியைத் தாண்டி விழுப்புரம் போய்ச் சேர, ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆகி விடும்.

இதே தூரத்தை 8 நிமிடம் 53 விநாடியில் கடக்கக் கூடிய கார் ஒன்று உண்டு.

8 நிமிடம் 34 விநாடியில் கடக்கக் கூடிய கார் இன்னொன்றும் உண்டு!

இரண்டும் ஜெர்மனி நாட்டுக் கார்கள். இரண்டையும் செய்தது ஒரே கம்பெனி. இரண்டுக்கும் பெயர் கூட ஒன்று தான். "போர்ஷே 911" என்பது அந்தப் பெயர்.

இது வெறும் கணக்கு தான். முழு வேகத்தில் ஓடினால் என்று போட்ட கணக்கு. ஜெர்மனியில் வேகக் கட்டுப்பாடு இல்லாத நெடுஞ்சாலைகள் உண்டு. அங்கே அப்படி ஓட்டலாம். நம் ஊர் சாலையில் ஓட்டினால் விழுப்புரம் போய்ச் சேர முடியாது. ஆஸ்பத்திரிக்குத் தான் போக வேண்டும்!

முதலில் சொன்ன கார், அண்ணன். பிறகு சொன்னது தம்பி. இருவருக்கும் வேகத்தில் உள்ள வித்தியாசம் 19 விநாடி தான். ஆனால் இந்த அண்ணனையும் தம்பியையும் வைத்து உலகம் எங்கும் பெரிய வழக்கு நடக்கிறது. கார் பிரியர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து நின்று, இன்றைக்கும் வாதாடுகிறார்கள்.

என்ன வழக்கு?

என்ஜினின் சூட்டைத் தணிக்கக் காற்று நல்லதா, தண்ணீர் நல்லதா என்பது தான் வழக்கு!

வயலில் ஒரு பாடம்

இதைப் புரிந்து கொள்ள ஜெர்மனிக்குப் போக வேண்டியது இல்லை. திண்டிவனம் பக்கத்துக் கிராமமே போதும்.

மின்சார மோட்டார் வருவதற்கு முன்பு, கிணற்று மேட்டில் ஆயில் என்ஜின் ஓடியது. அது "டப டப" என்று மணிக் கணக்கில் ஓடும். சூடு ஏறாமல் இருக்க என்ன செய்தார்கள்? இறைக்கிற தண்ணீரில் கொஞ்சத்தை ஒரு சிறு குழாய் வழியாக என்ஜினுக்குள் விட்டார்கள். தண்ணீர் உள்ளே போய், சூட்டை வாங்கிக் கொண்டு வெளியே வந்தது. இது தண்ணீர் முறை.

அதே கிராமத்துத் தெருவில் ஒரு பழைய புல்லட் மோட்டார் சைக்கிள் நிற்கும். அதன் என்ஜினைப் பாருங்கள். வரி வரியாகத் தகடுகள் இருக்கும். அவை அழகுக்காக வைத்தவை என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. வண்டி ஓடும் போது வீசுகிற காற்று அந்தத் தகடுகளுக்கு நடுவே புகுந்து சூட்டைக் கொண்டு போய் விடும். இது காற்று முறை.

என்ஜினுக்குள் பெட்ரோல் நொடிக்குப் பல தடவை வெடித்து எரிகிறது. சூட்டை வெளியேற்றாவிட்டால் பிஸ்டன் வீங்கி, சிலிண்டருக்குள் இறுகிக் கொள்ளும். பிறகு வண்டி அசையாது.

பெரும்பாலான என்ஜின்கள் இந்த இரண்டு வழியில் ஒன்றைத் தான் பிடிக்கின்றன. அண்ணன் காரின் வழி, காற்று. தம்பி காரின் வழி, தண்ணீர்.

தாத்தா, மகன், பேரன்

இந்தக் காரின் கதை மூன்று தலைமுறைக் கதை.

தாத்தாவின் பெயர் பெர்டினாண்டு போர்ஷே. 1875-ம் ஆண்டில் பிறந்தவர். ஆமை போல முதுகு வளைந்த "போக்ஸ்வாகன் பீட்டில்" காரை வடிவமைத்தவர் இவர் தான். அந்தக் காருக்கு என்ஜின் பின்னால் இருந்தது. அதைக் குளிர வைத்தது காற்று.

ஏன் காற்று? ஜெர்மனியில் குளிர் காலத்தில் தண்ணீர் உறைந்து கட்டியாகி விடும். உறைந்த தண்ணீர் விரிந்து என்ஜினையே பிளந்து விடும். காற்று உறையாது. ஒழுகாது. கொதிக்கவும் கொதிக்காது. ரேடியேட்டர் என்ற சுமையும் இல்லை. சாமானிய மக்களுக்கான காருக்கு அது ஏற்ற முறையாக இருந்தது.

மகன் பெர்ரி போர்ஷே. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, ஆஸ்திரியா நாட்டில் குமுண்டு என்ற சிற்றூரில், மரம் அறுக்கும் பட்டறையாக இருந்த இடத்தில் 1948-ல் ஒரு சிறிய விளையாட்டுக் காரைச் செய்தார். "356" என்பது அதன் எண். போர்ஷே என்ற பெயரைத் தாங்கி விற்பனைக்கு வந்த முதல் கார் அது.

பேரன் பெர்டினாண்டு அலெக்சாண்டர் போர்ஷே. 356-க்கு அடுத்த காருக்கு உருவம் கொடுத்தவர் அவர். 1963-ல் பிராங்க்பர்ட் நகரக் கண்காட்சியில் அது அரங்கு ஏறியது.

அது தான் 911!

எண்ணில் வந்த தகராறு

முதலில் அதற்கு வைத்த எண் 901.

"நடுவில் பூஜ்யம் வரும் மூன்று இலக்க எண்கள் எங்களுக்குச் சொந்தம்" என்று பிரான்சு நாட்டு பெஜோ கார் கம்பெனி தகராறு செய்தது. போர்ஷே கம்பெனி பூஜ்யத்தை எடுத்து விட்டு அங்கே ஒன்றைப் போட்டது. 911 பிறந்தது.

இதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு தலைமுறைக்கும் கம்பெனிக்கு உள்ளே தனி எண் உண்டு. ஆனால் வெளியே பெயர் 911 தான். திண்டிவனம் எண்ணெய் வித்து ஆராய்ச்சி நிலையத்தில் உருவான நிலக்கடலைக்கு டி.எம்.வி. 2, டி.எம்.வி. 7 என்று எண் இருக்கிறது அல்லவா? எண் மாறினாலும் எல்லாம் நிலக்கடலை தானே! அது போலத் தான் இதுவும்.

நம் கதையின் அண்ணனுக்கு எண் 993. தம்பிக்கு எண் 996.

முதல் 911-ன் என்ஜின் 2 லிட்டர். 130 குதிரை சக்தி. ஆறு சிலிண்டர்கள். அவை நிமிர்ந்து நிற்கவில்லை. பக்கத்துக்கு மூன்றாகத் தட்டையாகப் படுத்து இருந்தன. ஒரு பெரிய விசிறி அவற்றின் மீது காற்றை ஊதியது. மற்ற கார்களில் என்ஜின் இருக்கும் இடத்தில், இந்தக் காரில் பெட்டி படுக்கை வைத்தார்கள்!

சென்னையை அடுத்த சோழவரத்தில் பழைய விமான ஓடுபாதையில் கார் பந்தயம் நடந்த காலம் உண்டு. 1990-ல் இருங்காட்டுக்கோட்டையில் தனிப் பந்தயத் திடலே அமைத்தார்கள். அந்தப் பந்தயங்களைப் பார்த்தவர்களுக்கு, கார் என்பது வெறும் வாகனம் அல்ல என்பது தெரியும். 911-ம் பந்தயத்தில் பெயர் எடுத்த கார். பனி மலைப் பாதையில் நடக்கும் மாண்டி கார்லோ பந்தயத்தில் 1968, 1969, 1970 ஆகிய மூன்று ஆண்டுகளும் தொடர்ந்து வென்றது.

கம்பெனி ஆட்டம் கண்டது

ஏறத்தாழ 30 ஆண்டு, காற்றே துணை என்று 911 ஓடியது. என்ஜின் பெரிதானது. சக்தி கூடியது. ஆனால் அடிப்படை மாறவில்லை.

அதற்குள் உலகம் மாறி விட்டது.

1980-களின் நடுவில் போர்ஷே கம்பெனி ஆண்டுக்கு 50 ஆயிரம் கார்களுக்கு மேல் விற்றது. 1993-க்கு வந்த போது, அது சுமார் 14 ஆயிரமாகச் சரிந்தது. கம்பெனிக்கு நஷ்டம். தொழிலாளர்களுக்கு வேலை போகும் பயம். "போர்ஷேயைப் பெரிய கம்பெனி ஏதாவது விழுங்கி விடும்" என்று பேசிக் கொண்டார்கள்.

அப்போது கம்பெனிக்குத் தலைமை ஏற்றவர் வெண்டலின் வீடெக்கிங் என்ற என்ஜினீயர். அவர் ஜப்பானில் இருந்து நிபுணர்களை வரவழைத்தார். "உங்கள் தொழிற்சாலையில் பாகங்கள் மலை போலக் குவிந்து கிடக்கின்றன. ஆட்கள் அவற்றைத் தேடி எடுப்பதிலேயே நேரம் போகிறது" என்று அவர்கள் குறை கூறினார்கள். உயரமான அலமாரிகளைப் பாதியாக அறுக்கச் சொன்னார்கள். ரம்பத்தை வாங்கித் தம் கையாலேயே அறுத்தார், வீடெக்கிங்!

அலமாரியை அறுத்தால் மட்டும் போதுமா? காரையும் மாற்ற வேண்டி இருந்தது.

காற்றுக்கு வந்த நெருக்கடி

புகைக்கு அரசாங்கங்கள் கட்டுப்பாடு போட்டன. சத்தத்துக்கும் கட்டுப்பாடு போட்டன. இரண்டிலும் காற்று என்ஜின் திணறியது.

பெட்ரோல் நன்றாக எரிந்தால் புகை குறையும், சக்தியும் கூடும். அதற்கு ஒவ்வொரு சிலிண்டருக்கும் நான்கு வால்வுகள் வைப்பது நல்ல வழி. ஆனால் நான்கு வால்வுகளை நெருக்கி வைத்தால், அவற்றுக்கு நடுவே சூடு ஏறிக் கொண்டே போகும். அந்த இண்டு இடுக்கில் காற்று புகுந்து சூட்டைத் தணிப்பது மிகவும் கடினம். தண்ணீர் புகும்!

சத்தமும் அப்படியே. என்ஜினைச் சுற்றித் தண்ணீர் இருந்தால், அது போர்வை போலச் சத்தத்தை அமுக்கும். காற்று என்ஜினுக்குப் போர்வை கிடையாது. மேலே விசிறி வேறு இரையும்.

இதை போர்ஷே என்ஜினீயர்கள் முன்பே அறிந்து இருந்தார்கள். 1980-களில் வந்த "959" என்ற அவர்களுடைய அதிசயக் காரில், சிலிண்டருக்குக் காற்றும் அதன் தலைப் பகுதிக்குத் தண்ணீரும் வைத்தார்கள். அது பாதி வழி. மீதி வழியையும் கடந்தே ஆக வேண்டிய நாள் வந்து விட்டது.

தம்பி பிறந்தான்

1997-ம் ஆண்டு. அதே பிராங்க்பர்ட் கண்காட்சி. 996 அரங்கு ஏறியது. தண்ணீரால் குளிரும் முதல் 911!

அண்ணனையும் தம்பியையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பார்ப்போம்.

என்ஜின்: அண்ணனுக்கு 3.6 லிட்டர். தம்பிக்கு 3.4 லிட்டர். தம்பியின் என்ஜின் சிறியது.

சக்தி: அண்ணனுக்குத் தொடக்கத்தில் 272 குதிரை சக்தி. தம்பிக்கு 300. சிறிய என்ஜினில் அதிக சக்தி!

வால்வு: அண்ணனுக்குச் சிலிண்டருக்கு இரண்டு. தம்பிக்கு நான்கு.

நீளம்: தம்பி 18½ சென்டி மீட்டர் அதிகம்.

எடை: அண்ணன் 1,370 கிலோ. தம்பி 1,320 கிலோ. உடம்பு பெரிது, எடை குறைவு!

வேகம்: அண்ணன் மணிக்கு 270 கிலோ மீட்டர். தம்பி 280 கிலோ மீட்டர்.

இந்தக் கணக்கைப் பார்த்தால் தம்பி தான் கெட்டிக்காரன். இடமும் தாராளம். அண்ணன் காரில் மிதிகள் தையல் எந்திரத்தில் இருப்பது போலத் தரையில் இருந்து முளைத்து நிற்கும். தம்பி காரில் மற்ற கார்களைப் போல மேலே இருந்து தொங்கும். நீண்ட தூரம் ஓட்டினால் காலுக்கு வலி தெரியாது.

பிறகு ஏன் சண்டை?

"ஆப்பாயில்" கண்

சண்டைக்குக் காரணம், கண்!

911 என்றாலே வட்ட விளக்கு தான் அடையாளம். தவளைக் கண் போல இரண்டு உருண்டை விளக்குகள். தாத்தாவின் பீட்டில் காரில் இருந்து வந்த குடும்பச் சாயல் அது.

தம்பி காரில் அந்த வட்டம் போய் விட்டது. வெள்ளை விளக்கோடு மஞ்சள் சிக்னல் விளக்கையும் ஒட்ட வைத்து, வழிந்த மாதிரி ஒரு வடிவம் கொடுத்தார்கள். பார்த்தவர்கள் சிரித்தார்கள். "பொரித்த முட்டை" என்று பட்டப் பெயர் வைத்தார்கள். நம் ஊர் ஓட்டல் மொழியில் சொன்னால், "ஆப்பாயில்"!

அதிலும் ஒரு குறை. 1996-ல் வந்த "பாக்ஸ்டர்" என்ற விலை குறைந்த போர்ஷே காருக்கும் அதே விளக்கு, அதே முன் பகுதி, அதே கதவு. "அதிகப் பணம் கொடுத்து 911 வாங்கினால், முன்னால் பார்க்க மலிவான கார் போல இருக்கிறதே!" என்று வாங்கியவர்கள் முணுமுணுத்தார்கள்.

ஆனால் அந்தச் சிக்கனம் தான் கம்பெனியைக் காப்பாற்றியது. ஒரே அச்சில் இரண்டு காருக்கும் பாகம் செய்ததால் செலவு மிச்சமானது. பெரிய வீட்டுப் பிள்ளைகள் ஒரே துணியில் சட்டை தைத்துக் கொள்வது போலத் தான் இது. கஷ்ட காலத்தில் அது அவமானம் அல்ல.

காருக்கு உருவம் கொடுத்தவர், ஹாங்காங்கில் பிறந்த பிங்கி லாய். அவர் எல்லாவற்றையும் மாற்றி விடவில்லை. என்ஜின் பின்னால் தான் இருந்தது. ஆறு சிலிண்டரும் படுத்துத் தான் இருந்தன. முதுகு வளைவும் அப்படியே. ஐந்து வட்ட முள் கருவிகளும், கதவுப் பக்கத்தில் சாவி போடும் பழக்கமும் கூட அப்படியே இருந்தன.

நான்கு நாள்

1998-ம் ஆண்டு மார்ச் 27-ந் தேதி பெர்ரி போர்ஷே காலமானார். அவருக்கு வயது 88.

மார்ச் 31-ந் தேதி, காற்றால் குளிரும் கடைசி 911 தொழிற்சாலையில் செய்து முடிக்கப்பட்டது.

நடுவில் நான்கே நாள்! காற்று என்ஜினோடு முதல் போர்ஷே காரைச் செய்தவரும், அந்த என்ஜினும் ஒரே வாரத்தில் விடை பெற்றார்கள்.

கார் பிரியர்களால் அதை எளிதில் தாங்க முடியவில்லை. விழுப்புரத்துக்காரர்களுக்கு இந்த மனநிலை புரியும். விழுப்புரம் சந்திப்பில் நீராவி என்ஜின்கள் கூவி நின்ற காலம் ஒன்று இருந்தது. 1960-களில் மின்சார என்ஜின் வந்தது. பயணம் வேகமானது. கண்ணில் கரித் தூள் விழுவதும் குறைந்தது. ஆனாலும் அந்தக் கூவலை இன்றைக்கும் ஆசையோடு நினைத்துப் பேசும் பெரியவர்கள் உண்டு. கரித் தூளை யாரும் நினைப்பது இல்லை!

911 பிரியர்களும் அப்படித் தான். அண்ணன் காரின் விசிறி இரைச்சலை அவர்கள் சங்கீதம் என்றார்கள். பின் கண்ணாடிக்குக் கீழே இருந்து கேட்கும் அந்தக் கரகரப்பு தண்ணீரில் கரைந்து போய் விட்டது என்று வருந்தினார்கள்.

தம்பிக்கு ஒரு நோய்

தம்பி மேல் வேறு ஒரு புகாரும் உண்டு. இது வெறும் மனக் குறை அல்ல. உண்மையான குறை.

தம்பியின் என்ஜினுக்குள் நடுவில் ஒரு தண்டு சுழல்கிறது. அதன் முனையில் ஒரு சிறிய பேரிங். சில கார்களில் அந்தப் பேரிங் தேய்ந்து உடைந்தது. கை விரலால் தூக்கக் கூடிய சிறு சாமான்! ஆனால் அது உடைந்தால் முழு என்ஜினும் பாழ். அமெரிக்காவில் கார் வாங்கியவர்கள் வழக்குப் போட்டார்கள். அது சமரசத்தில் முடிந்தது.

எல்லாக் கார்களுக்கும் அந்த நோய் வரவில்லை. ஆனாலும் இன்றைக்குப் பழைய 996 வாங்குகிறவர்கள் முதலில் கேட்கும் கேள்வி, "பேரிங் மாற்றியாகி விட்டதா?" என்பது தான்.

தீர்ப்பு என்ன?

விற்பனையைப் பார்த்தால் தம்பிக்கே வெற்றி. அண்ணன் சுமார் 69 ஆயிரம் கார்கள். தம்பி, 2005 வரையில் சுமார் 1 லட்சத்து 75 ஆயிரம் கார்கள்! தம்பியும் பாக்ஸ்டரும் சேர்ந்து கம்பெனியை நிமிர்த்தி நிற்க வைத்தன.

விலையைப் பார்த்தால் அண்ணனுக்கு வெற்றி. இன்றைய பழைய கார் சந்தையில், நல்ல நிலையில் உள்ள 993-க்கு, அதே தரமான 996-ஐ விட இரண்டு, மூன்று மடங்கு விலை. காரணம், காற்று என்ஜின் 911 இனிப் பிறக்கப் போவது இல்லை.

கம்பெனி ஒரு பாடம் கற்றுக் கொண்டது. 2004-ல் வந்த அடுத்த தலைமுறையில் வட்டக் கண்ணைத் திருப்பிக் கொடுத்து விட்டது. ஆனால் தண்ணீரை விடவில்லை! 2017-ம் ஆண்டு மே 11-ந் தேதி 10 லட்சமாவது 911 தயாரானது. தண்ணீருக்கு மாறாமல் இருந்தால் அந்த நாள் வந்து இருக்குமா என்பது சந்தேகமே.

புல்லட்டுக்கும் அதே கேள்வி

இந்தக் கதை ஜெர்மனியோடு முடியவில்லை. தமிழ்நாட்டுக்கும் வந்து விட்டது.

1955-ல் தொடங்கிய என்பீல்டு கம்பெனி, சென்னை திருவொற்றியூரில் புல்லட் மோட்டார் சைக்கிளைச் செய்தது. வரி வரித் தகடும், "டுப் டுப்" சத்தமும் தான் புல்லட்டின் அடையாளம். 2023-ல் அதே கம்பெனி, தண்ணீரால் குளிரும் தன் முதல் மோட்டார் சைக்கிளை வெளியிட்டது. "ஹிமாலயன் 450" என்பது அதன் பெயர். உடனே இங்கேயும் இரண்டு கட்சி! "பழைய சத்தம் எங்கே?" என்று ஒரு கட்சி. "மலை ஏற இது தான் சரி" என்று இன்னொரு கட்சி.

ஒரு வித்தியாசம் உண்டு. போர்ஷே 911-ல் காற்று முறையை அடியோடு நிறுத்தி விட்டார்கள். இங்கே இரண்டு வகையும் விற்கிறது. அப்பா புல்லட்டிலும் மகன் ஹிமாலயனிலும் ஒரே வீட்டில் இருந்து கிளம்பலாம்!

சாலையில் பார்த்தால்...

911 கார் இந்தியாவில் தயாராவது இல்லை. கப்பலில் வருவது தான். ஆனாலும் சென்னை – திருச்சி நெடுஞ்சாலையில் என்றைக்காவது ஒன்று திண்டிவனத்தைத் தாண்டிப் போகலாம். அப்போது முன் விளக்கைப் பாருங்கள்.

மஞ்சளும் வெள்ளையும் ஒட்டிய ஆப்பாயில் கண்ணாக இருந்தால், அது தம்பி 996. வட்டக் கண்ணாக இருந்தால் அவசரப்பட்டு அண்ணன் என்று சொல்லி விடாதீர்கள். தம்பிக்குப் பிறகு பிறந்தவர்களுக்கும் வட்டக் கண் தான்!

காதைத் தீட்டிக் கொண்டு கேளுங்கள். பின்னால் விசிறி இரையும் கரகரப்பு கேட்டால் அது காற்றுக் காலத்துக் கார். கம்பெனிக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது அது.

அந்தப் பெயரைக் காப்பாற்றிக் கொடுத்தது, எல்லோரும் கேலி செய்த தம்பி.